மணி அடித்துக்கொண்டு போன பஸ்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் இருந்தவர்கள்: டிரைவர் அந்தோணி, என் அக்காள் வீட்டுக்காரர் சடையப்பன், எங்கள் ஆட்கள் ஒன்பது பேர், டிக்கெட் கிழிக்க நான். வராதவர்கள்: வண்டி முதலாளி, அவர் அனுப்புவதாகச் சொல்லியிருந்த கண்டக்டர், வாசல்வரை வந்து நின்றுவிட்ட என் அக்காள் பொன்னாத்தாள். வழியில் உள்ள மூன்று ஊர்க்காரர்கள் கட்டாயம் ஏறுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மைசூருக்கு வருகிறவர்கள் அரண்மனையைப் பார்க்கிறார்கள், சாமுண்டி மலை ஏறுகிறார்கள், ஸ்ரீரங்கப்பட்டணம் போய்க் காவேரியில் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நகரத்துக்குத் தென்கிழக்கே ஏழு மைல் தள்ளி, செம்மண் மேட்டில் முப்பது வீடுகள் இருப்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. கொள்ளேகால், கௌதள்ளிப் பக்கத்திலிருந்து நூல் மில்லுக்குச் சுவர் எழுப்ப வந்தவர்கள் நாங்கள். சுவர் எழுந்த பிறகு அதற்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டோம். மில்லுக்கும் வீட்டுக்கும் நடைதான். குறுக்கு வழியில் போனால் இரண்டு மணி நேரம். குடியரசு ஆகி இரண்டாவது மார்கழி அது. எலெக்ஷன் ஆட்கள் எங்கள் மேட்டுக்கு ஜீப்பில் வந்து போனார்கள். பஸ் மட்டும் வரவில்லை.

சடையப்பன் மச்சானுக்கு ஐப்பசியில் மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து வலது முழங்காலில் விழுந்தது. எலும்பு கூடியது, நடை கூடவில்லை. ஏழு மைல் நடந்து ஏழு மணிச் சங்குக்குள் கேட்டைத் தாண்ட முடியாமல் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாம் முறை தாமதமானால் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார். பஸ் வேண்டும் என்று நான் மனு எழுத ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எழுதினால் நடக்கும் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

ஏழாவது மனுவுக்கு ஒரு தனியார் வண்டி முதலாளி கூப்பிட்டுப் பேசினார். மூன்று நாள் வண்டி விடுகிறேன், மூன்றாம் நாள் காலைப் பயணத்தில் முப்பது டிக்கெட் கிழிந்தால் நிரந்தரமாக விடுகிறேன், இல்லையென்றால் வண்டி ஸ்ரீரங்கப்பட்டணம் ரூட்டுக்குப் போய்விடும் என்றார். எங்கள் மேட்டில் பாதிப் பேர் இரவு ஷிப்ட்டு. முப்பது தேறாது. ஆகவே வழியில் இருக்கும் சிக்ககொப்பல், கல்லுகட்டை, ஹொசபாவி மூன்று ஊருக்கும் நானே போய்க் கேட்டேன். காய்கறி கொண்டுபோகிறவர்கள், பால் விற்கிறவர்கள், கொத்து வேலைக்காரர்கள் எல்லாரும் "பர்தீவி, பர்தீவி" என்றார்கள். வருகிறோம் என்று அர்த்தம்.

அந்த ஊர்களில் கடிகாரம் கிடையாது. பஸ் வருவது எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மச்சானிடம் பதில் இருந்தது.

"நம்மூர்ல மாதேஸ்வரன் மலைக்கு வண்டி கிளம்பறப்ப என்ன பண்ணுவாங்கொ மாப்ளே? மணியத்தான ஆட்டுவாங்கொ. அடுப்புல சோறு கொதிக்கக் கொதிக்க உட்டுட்டு ஓடியாருவாங்கல்ல சனங்க."

கொள்ளேகால் சந்தையில் அவரே போய் ஒரு வெண்கல மணி வாங்கிவந்தார். டிரைவர் பக்கத்து ஜன்னல் கம்பியில் அதைக் கட்டினார்.

திங்கள், 6.10. மேட்டை விட்டு இறங்கியதும் பனி. மார்கழிப் பனி இந்தப் பக்கத்தில் ஏரிகளிலிருந்து எழுந்து வந்து சாலையின்மேல் படுத்துக்கொள்ளும். பஸ் விளக்கின் வெளிச்சம் பத்து முழத்துக்கு மேல் போகவில்லை. அந்தோணி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாதிப் பேச்சு கன்னடம்.

"ரைட்டரய்யா, ரோடு இருக்கா இல்ல எழுதித் தரணுமா?" என்றார் என்னிடம். எல்லாரும் சிரித்தார்கள். அன்று காலை நாங்கள் சிரித்தது அதோடு சரி.

சிக்ககொப்பல் எங்கள் மேட்டிலிருந்து இரண்டு மைல். ஊருக்குக் கால் மைல் இருக்கும்போது மச்சான் மணியை ஆட்டத் தொடங்கினார். கனமான நாதம். பனியில் அது முன்னால் போய் எதிலோ இடித்துத் திரும்பி வருவதுபோல இருந்தது.

பனிக்குள் மங்கலாக நாலைந்து விளக்குகள் தெரிந்தன. மணி கேட்கக் கேட்க அவை ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

வண்டி ஊர் நடுவில், அரசமரத்தடியில் நின்றது. ஆள் இல்லை. கூரைகளிலிருந்து அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. ஒரு வாசலில் பாதிக் கோலம். மாவுக் கிண்ணம் பக்கத்திலேயே கிடந்தது. சாலை ஓரத்தில் ஒரு பித்தளைப் பால்குடம். யாரோ அப்போதுதான் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கவேண்டும், உள்ளே பால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"யாரது, பஸ்ஸுக்கு வரீங்களா?" என்று கன்னடத்தில் குரல் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்குள் ஒரு குழந்தை ஏதோ சொல்ல ஆரம்பித்தது. பாதிச் சொல்லில் நின்றது. வாயை யாரோ பொத்தியதுபோல.

"எளவு வீடு இருக்குமோ?" என்றார் மச்சான்.

"எளவு வீட்டுல சத்தம் இருக்குமல்லா," என்றார் அந்தோணி. கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார்.

6.30. கல்லுகட்டை. இங்கே ஆட்கள் இருந்தார்கள். அதுதான் மோசம். சாலையை ஒட்டிய நீண்ட மண்சுவர் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக, காய்கறிக் கூடைகளைக் காலடியில் வைத்துவிட்டு நின்றார்கள். அத்தனை பேர் முகமும் சுவரைப் பார்த்து இருந்தது. நெற்றி சுவரில் படும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். கம்பளியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டிருந்தார்கள். பஸ் பக்கத்தில் நின்று என்ஜின் உறுமிக்கொண்டிருந்தும் ஒருவர் தோள்கூட அசையவில்லை.

இறங்கிப் போய் ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "பஸ் வந்திருக்கு, டிக்கெட் ரெண்டணாதான்," என்றேன். அவர் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. நான் நகரும்வரை விடவில்லை.

ஹொசபாவியில் சாலைக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஒரு கோடு. கிட்டே போனபோது சாம்பல் என்று தெரிந்தது. சூடு ஆறாத சாம்பல்; ஆவி வந்தது. அந்தோணி வண்டியை நிறுத்திவிட்டு நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக அதன்மேல் ஓட்டினார்.

6.50க்கு மில் கேட். மச்சான் சங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் உள்ளே போனார். ஏறிய பதினொரு பேருக்குக் கிழிந்த டிக்கெட் பத்து. என் டிக்கெட்டுக்கு அந்தோணி காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அன்று மாலை திரும்பும்போதும் மணி அடித்தோம். சிக்ககொப்பலில் மாடுகள் மட்டும் சாலையில் நின்றன. மேய்ப்பவனைக் காணோம்.

செவ்வாய், காலை 6 மணி. எங்கள் ஆட்களில் நாலு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தே போவதாகச் சொல்லிவிட்டார்கள். அக்காள் அன்று பஸ் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"அந்த ஊர்ச்சனம் நம்மளப் பாத்துப் பயப்படுதா, நமக்குப் பொறத்தாண்ட எதையாச்சும் பாத்துப் பயப்படுதா, அதக் கேட்டியாடா?" என்றாள்.

நான் படியேறி உட்கார்ந்தேன். பின்னால் காலியாகக் கிடந்த இருக்கைகளைத் திரும்பிப் பார்க்கவேண்டும்போல இருந்தது. திரும்பவில்லை.

சிக்ககொப்பலில் மணி ஒலித்ததும் விளக்குகள் அணைந்தன. அதே அரசமரம். அதே பால்குடம், நேற்று இருந்த இடத்திலேயே. மச்சான் மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்தினார். பிறகு கம்பியைப் பற்றி இறங்கினார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார்.

"ஆத்தா, பால் நடு ரோட்டுல கெடக்குது. நாய் வாய வெச்சிரும். எடுத்து உள்ள வெச்சுக்கங்க. பஸ்ஸுக்கு வராட்டிப் போவுது."

அவர் குடத்தை இறக்கி வைக்கக் குனிந்தார். முழங்கால் மடியவில்லை. வலியில் "அய்யோ சாமி" என்றார். அப்போது கதவுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது, மெதுவாக, அரைகுறைத் தமிழில்.

"இன்னைக்கு யாரை எடுத்துக்கிட்டுப் போக வந்தீங்க?"

பஸ்ஸில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அது கேட்டது. என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எடுத்துட்டுப் போறதா? நீங்களா ஏறுனா ஏறுங்க. மில்லுக்குப் போற பஸ்ஸு ஆத்தா இது. நான் செம்மண் மேட்டுச் சடையப்பன். என்ற வீட்டுக்கு நீங்கதான பால் ஊத்தறீங்க?"

கதவு ஒரு சாண் திறந்தது. புட்டம்மா. ஐம்பது வயதிருக்கும். எங்கள் மேட்டுக்குத் தினமும் பால் கொண்டுவருபவர். அவர் மச்சானுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு காலை, பிறகு பஸ் ஜன்னலில் தொங்கிய மணியை.

"சடையப்பா. அந்த கண்ட்டெய யாரு கட்டினது?" கண்ட்டெ என்றால் மணி.

"நாந்தான்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம் பிளேக். வெண்கல மணி கட்டிய மூடுவண்டி ஒன்று விடியற்காலையில் இந்தச் சாலையில் வரும். காய்ச்சல்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கு அந்தப்புறம் போட்டிருந்த கொட்டகைக்குப் போகும். அவருடைய மாமியார் போனார், கொழுந்தன் போனார். திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. வண்டியில் வரும் ஆள் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பான். அதனால் மணி கேட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள் விளக்கை அணைப்பார்கள், வெளியே இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வண்டி மேலே போகாமலிருக்கச் சாலையில் சாம்பல் போடுவார்கள். அந்தக் காலத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கும் இது தெரியும். தாய்மார் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

"நேத்தும் இன்னைக்கும் மணி கேட்டதும் கையிலிருந்து குடம் தானா எறங்கிடுச்சு. இது பஸ்ஸுன்னு எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியல," என்றார்.

மச்சான் பஸ்ஸுக்கு வந்து மணியை அவிழ்த்தார். துண்டில் சுற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

"இப்ப வருவாங்களா?" என்று புட்டம்மாவிடம் கேட்டேன்.

"மணி இல்லேன்னா மட்டும்? வண்டிய அடையாளம் பண்ணிட்டாங்க. இதுல போனவங்க திரும்பி வரதப் பாத்தாத்தான்."

அப்போது அந்தோணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, முகத்தைத் திருப்பாமல், "அப்போ ஒருத்தர் போய்ட்டுத் திரும்பி வரணும், அஷ்டே, அவ்வளவுதான்," என்றார்.

புட்டம்மா எழுந்து நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பால்குடத்தோடு ஏறினார். டிக்கெட்டை நீட்டினேன்; அதை விரலால் தொடாமல் மடியில் போடச் சொன்னார்.

பஸ் நகர்ந்ததும் எங்களுக்குப் பின்னால், பனிக்குள், ஒரு பெண் அழும் குரல் எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஊர் முழுவதும். பிணம் எடுக்கும்போது எழும் ஒப்பாரி அது. புட்டம்மாவின் மருமகள் பெயர் சொல்லி அழைத்து அழுதுகொண்டே கொஞ்சதூரம் ஓடிவந்தாள். தன்னை உயிரோடு வைத்துக்கொண்டு தனக்கு அழுவதைப் புட்டம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஐந்து மைலைப் போல நீளமான பயணத்தை நான் செய்ததில்லை. கல்லுகட்டையில் மணி இல்லாமலே என்ஜின் சத்தத்துக்கு முதுகுகள் திரும்பின. புட்டம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நான் சிக்ககொப்பல் புட்டம்மா, சாயந்தரம் வரேன், பாத்துக்குங்க," என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். முதுகுகளிடம் சொன்னார். ஹொசபாவியிலும் அப்படியே. சாம்பல் கோட்டைத் தாண்டும்போது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய், மாலை 5.40. பாலை விற்றுவிட்டு, மீந்த நேரத்தில் தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலையும் ஒரு முழம் மல்லிகையும் வாங்கி, பூவைத் தலையில் வைத்துக்கொண்டு புட்டம்மா வந்தார். ஹொசபாவியில் பத்துப் பதினைந்து பேர் சாலையோரம் நின்றார்கள். முகம் சாலையைப் பார்த்து இருந்தது. ஆனால் கிட்டே வரவில்லை. கல்லுகட்டையிலும் அதே. புட்டம்மா கையசைத்தார், யாரும் திருப்பி அசைக்கவில்லை. பார்த்தார்கள்.

சிக்ககொப்பலில் ஊரே அரசமரத்தடியில். புட்டம்மா இறங்கியபோது கூட்டம் இரண்டடி பின்னால் போனது. மருமகள் மட்டும் முன்னால் வந்து, புறங்கையை மாமியாரின் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். அக்குளில் கைவிட்டுக் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று தடவினாள். பொது இடத்தில், எல்லார் முன்னாலும். புட்டம்மா குழந்தைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஜில்லுன்னு இருக்கு," என்றாள் மருமகள்.

"மார்கழில ஜில்லுன்னு இல்லாம? பூவ வாடவிடாதே, பாதிய நீ வெச்சுக்கோ," என்றார் புட்டம்மா.

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அது மெல்லப் பரவியது. ஒரு கிழவர் மட்டும் கடைசிவரை அரசமரத்தைப் பார்த்தே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் திருப்ப முயலவில்லை.

புதன், காலை 6 மணி. மச்சானையும் சேர்த்து எங்கள் ஆட்கள் ஒன்பது பேர். சிக்ககொப்பலில் பதினாறு பேர் ஏறினார்கள். ஆனால் சும்மா ஏறவில்லை. ஒவ்வொருவருக்கும் வீட்டார் கற்பூரம் காட்டி, நெற்றியில் விபூதி இட்டு, "சாயந்தரம் வந்துருவியா?" என்று கேட்டு, அவர் "வந்துருவேன்" என்று மூன்று தரம் சொன்ன பிறகே விட்டார்கள். அந்தோணி ஹாரன் அடிக்கப் போனார். மச்சான் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"பேடா அண்ணா. அந்தச் சத்தமும் வேண்டாம்."

கல்லுகட்டையிலும் கற்பூரம். அங்கே பதினொன்று. முப்பது தாண்டி முப்பத்தாறாகிவிட்டது. அங்கிருந்து கிளம்பும்போது மணி ஆறு நாற்பத்தெட்டு. மில்லுக்கு இன்னும் மூன்று மைல். நிற்காமல் போனால் சங்குக்கு முன்னால் போய்விடலாம். நான் மச்சானிடம் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

ஹொசபாவித் திருப்பத்தில் பனி விலகியது. சாலையில் சாம்பல் இல்லை. யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக ஆட்கள், கூடையும் குழந்தையுமாக, எங்களைப் பார்த்து. கண்கள் எல்லாம் பெரிதாகத் திறந்திருந்தன. அத்தனை கண்களை ஒன்றாக நான் பார்த்ததில்லை.

"சடையப்பா, நிறுத்தவா பேடவா?" என்றார் அந்தோணி. "முப்பது ஆச்சு. நிறுத்தினா சங்கு ஊதிடும்."

நான் "போங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இன்னைக்கு நிக்காமப் போனா, மறுபடி செவுத்தப் பாத்து நின்னுக்குவாங்க," என்றார் மச்சான். "நிறுத்துங்க."

பதினான்கு பேர் ஏறினார்கள். ஒவ்வொருவராக, கற்பூரத்தோடு. கடைசிப் பெண் படியில் கால் வைத்தபோது மைசூர்ப் பக்கமிருந்து சங்கு ஊதியது. வயல்களின்மேல் வந்த அந்த நீண்ட ஒலியை மச்சான் முழுக்கக் கேட்டார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார்.

பஸ் நிரந்தரமாகிவிட்டது. இப்போது காலை இரண்டு தடவை, மாலை இரண்டு தடவை. மூன்று ஊரிலும் கற்பூரம் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பஸ் ஏறும் இடங்களில் சீக்கிரம் ஓர் ஓலைப்பந்தலாவது போட்டால் மழைக்கு நல்லது என்று மீண்டும் மனு எழுதியிருக்கிறேன். எங்கள் கௌதள்ளியில் நாளுக்கு ஒரு பஸ். தவறவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்வார்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. இங்கே நகரத்தின் ஓரத்தில் இருக்கிறவனுக்குப் பஸ்ஸைத் தவறவிட்டாலும் செலவு, பிடித்தாலும் செலவு.

மேஸ்திரி சொன்னதைச் செய்தார். மெஷினில் வேறு ஆள். மச்சானை வேலையை விட்டு எடுக்கவில்லை. கோடவுன் கதவருகே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த வேலை, முழங்காலுக்கு நல்லது என்று அக்காள் சொல்கிறாள். சம்பளத்தில் மாதம் ஒன்பது ரூபாய் குறைந்தது. பஸ்ஸுக்குப் போக இரண்டணா, வர இரண்டணா, இருபத்தாறு நாளைக்கு ஆறு ரூபாய் எட்டணா. ஆகமொத்தம், மாதம் பதினைந்து ரூபாய் எட்டணா.